இதய மாத்திரையைக் குறைக்கலாம். திடீரென்று நிறுத்தக் கூடாது

 

மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களிடம், "இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பது வழக்கம். சர்க்கரைக்கு, கொழுப்புக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். இதய மாத்திரை பற்றிக் கேட்டால் மட்டும் சிலரிடம் வேறு பதில் வரும். "அது இப்ப போடறதில்லைங்க. நெஞ்சுவலி நின்னுபோச்சு, அத்தா தானாவே நிறுத்திட்டாங்க" என்பார்கள். "மாத்திரை தீர்ந்து பத்து நாளாச்சு, அடுத்த மாசம் வாங்கிக்கலாம்னு இருக்கோம்" என்று சொல்பவர்களும் உண்டு.

நோய் குணமாகிவிட்டது என்ற நிம்மதியில் ஒருவர் நிறுத்துகிறார். கையில் காசு இல்லாமல் இன்னொருவர் நிறுத்துகிறார். மாத்திரை போட்டால் அசதியாக இருக்கிறது என்று வேறொருவர் நிறுத்துகிறார். காரணம் எதுவாக இருந்தாலும், சில இதய மாத்திரைகளை ஒரே நாளில் விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதே மாத்திரையை மருத்துவர் சொல்லும் முறைப்படி படிப்படியாகக் குறைத்தால், பலர் பாதுகாப்பாக அதிலிருந்து வெளியே வர முடியும். இந்த வேறுபாட்டைத்தான் இந்த இதழில் விளக்க விரும்புகிறோம்.

எந்த மாத்திரையைப் பற்றிப் பேசுகிறோம்?

மருத்துவர்கள் 'பீட்டா பிளாக்கர்' என்று அழைக்கும் மாத்திரைகளைப் பற்றித்தான். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சர் ஜேம்ஸ் பிளாக் 1960களில் உருவாக்கிய ப்ரோப்ரனலால் மூலம் இந்த வகை மருந்து உலகெங்கும் பரவியது. அவருக்கு 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இரத்த அழுத்தம், நெஞ்சுவலி, மாரடைப்புக்குப் பிந்தைய சிகிச்சை, இதயத் துடிப்புக் கோளாறு, இதயத்தின் பம்பிங் குறைவு என்று பல நோய்களுக்கு இவை தரப்படுகின்றன. ஒற்றைத் தலைவலி, கை நடுக்கம், தைராய்டு மிகைப்பு ஆகியவற்றுக்கும் தருவதுண்டு.

உங்கள் வீட்டில் இந்த மாத்திரை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும். அந்தப் பெயர் 'லால்' என்ற ஓசையில் முடிந்தால் பெரும்பாலும் இந்த வகைதான்: அட்டெனலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், நெபிவலால், கார்விடிலால், ப்ரோப்ரனலால். சில மாத்திரைகளில் இரண்டு மருந்துகள் சேர்ந்தே இருக்கும். உதாரணமாக, அம்லோடிபினும் அட்டெனலாலும் ஒரே மாத்திரையில் வரும். "இது வெறும் பிரஷர் மாத்திரைதானே" என்று அதை விடுபவர், தமக்கே தெரியாமல் பீட்டா பிளாக்கரையும் விட்டுவிடுகிறார்.

திடீரென்று நிறுத்தினால் என்ன நடக்கும்?

பயம், கோபம், ஓட்டம், உழைப்பு போன்ற நேரங்களில் நம் உடலில் அட்ரினலின் என்ற சுரப்பு கூடுகிறது. "வேகமாகத் துடி, பலமாக அடி" என்று அது இதயத்துக்குக் கட்டளை இடுகிறது. அந்தக் கட்டளையைக் கேட்பதற்கு இதயத்தின் செல்களில் காதுகள் போன்ற ஏற்பிகள் இருக்கின்றன. பீட்டா பிளாக்கர் மாத்திரை அந்தக் காதுகளில் வைத்த பஞ்சு போல வேலை செய்கிறது. சத்தம் குறைவாகக் கேட்பதால் இதயம் நிதானமாகத் துடிக்கிறது. வேலை குறைவதால் அதற்குத் தேவைப்படும் பிராணவாயுவும் குறைகிறது. அடைப்பு உள்ள இரத்தக் குழாயால்கூட அந்தக் குறைந்த தேவையை ஈடுகட்ட முடிகிறது.

ஆனால் உடல் சும்மா இருப்பதில்லை. சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று மாதக்கணக்கில் மேலும் மேலும் காதுகளை உண்டாக்கிக்கொள்கிறது. மாத்திரை உள்ளவரை இதனால் தொல்லை இல்லை. ஒரே நாளில் பஞ்சை எடுத்துவிட்டால்தான் சிக்கல். கூடுதலாக முளைத்த காதுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொள்கின்றன. சாதாரண அளவு அட்ரினலின்கூட இப்போது இடிமுழக்கமாகக் கேட்கிறது. இதயம் படபடவென்று அடிக்கிறது, இரத்த அழுத்தம் மாத்திரை தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடவும் ஏறிவிடலாம். இரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலி திரும்பலாம், மாரடைப்பு வரலாம், துடிப்பு தாறுமாறாகலாம்.

1975லேயே அமெரிக்க மருத்துவர்கள் ப்ரோப்ரனலால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியவர்களிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் அட்டெனலால், மெட்டோப்ரோலால் ஆகியவற்றின் மருந்துக் குறிப்பில் இந்த எச்சரிக்கை அச்சிடப்படுகிறது.

இந்த விளைவு மாத்திரையை விட்ட அன்றைக்கே வருவதில்லை. பெரும்பாலும் இரண்டாம் நாள் தொடங்கி முதல் இரண்டு வாரங்களுக்குள் வருகிறது. ஏமாற்றுவதும் இதுதான். முதல் நாள் மாத்திரை போடாமல் நன்றாகவே இருக்கும். "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை" என்று மனம் சொல்லும். நான்காம் நாள் மாடிப்படி ஏறும்போது நெஞ்சு அழுத்தினால், அதை நிறுத்திய மாத்திரையோடு யாரும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. வாயுத் தொல்லை என்று சோடா குடித்துப் படுத்துவிடுகிறார்கள்.

அப்படியானால் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா?

எல்லோருக்கும் அப்படி இல்லை. மாரடைப்பு வந்தவர் அனைவரும் வாழ்நாள் முழுதும் பீட்டா பிளாக்கர் எடுக்க வேண்டும் என்பதுதான் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. இன்று அடைப்பை உடனே நீக்கும் சிகிச்சையும், கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளும் வந்துவிட்டன. அதனால் பழைய வழக்கத்தை மருத்துவ உலகம் மீண்டும் சோதித்துப் பார்க்கிறது.

2024இல் வெளியான ஓர் ஆய்வு சுவீடன், எஸ்டோனியா, நியூசிலாந்து நாடுகளில் மாரடைப்பு வந்து, பம்பிங் இயல்பாக இருந்த 5,020 பேரைப் பின்தொடர்ந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இடையே மரணத்திலோ மறு மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2025இல் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் 8,505 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவும் ஏறக்குறைய இதுவே. ஆனால் அதே ஆண்டு டென்மார்க்கிலும் நார்வேயிலும் 5,574 பேரிடம் நடந்த ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுக்கு மறு மாரடைப்பு ஓரளவு குறைந்தது.

நமக்கு மிகவும் பொருந்துவது பிரான்சில் நடந்து 2024இல் வெளியான இன்னோர் ஆய்வு. ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த 3,698 பேரில் பாதிப் பேருக்கு அது நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர்களில் 23.8 சதவீதத்தினரும், தொடர்ந்தவர்களில் 21.1 சதவீதத்தினரும் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயக் கோளாறுக்காக மருத்துவமனை சேர்க்கை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சந்தித்தார்கள். வித்தியாசம் முக்கியமாக மருத்துவமனை சேர்க்கையில்தான் இருந்தது. நிறுத்தியவர்களுக்கு இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் கூடின. நிறுத்தியதால் வாழ்க்கைத் தரம் மேம்பட்டதாகவும் தெரியவில்லை.

ஆகவே, "இந்த மாத்திரை தேவையில்லை என்று ஆராய்ச்சியில் சொல்லிவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். சிலருக்கு அது தேவைப்படாமல் போயிருக்கலாம். அந்தச் சிலரில் நீங்கள் இருக்கிறீர்களா என்பதை உங்கள் எக்கோ அறிக்கையையும் ஈசிஜியையும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல முடியும். பம்பிங் 40 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஆயுளை நீட்டிக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. நெஞ்சுவலிக்காகவோ துடிப்புக் கோளாறுக்காகவோ எடுப்பவர்களின் நிலையும் வேறு.

பம்பிங் ஒரு காலத்தில் குறைந்து, மாத்திரையால் சரியானவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் இப்படித் தேறியவர்களில் 25 பேருக்கு, இதயச் செயலிழப்புக்கான மருந்துகளை மருத்துவர்களின் கண்காணிப்பிலேயே படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் 11 பேருக்கு நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்த 26 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. எக்கோ நன்றாக இருக்கிறது என்றால், அது மாத்திரை தாங்கிப் பிடித்திருப்பதாலும் இருக்கலாம்.

படிப்படியாகக் குறைப்பது எப்படி?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அட்டவணை கிடையாது. மருந்தின் பெயர், அளவு, எத்தனை வருடமாக எடுக்கிறார், எதற்காக எடுக்கிறார் என்பதை வைத்து மருத்துவர் முடிவு செய்வார். குறைந்தது ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். நீண்ட காலம் எடுத்தவர்களுக்கு நான்கு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

புரிவதற்காக ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறோம். ஒருவர் மெட்டோப்ரோலால் 50 மி.கி. தினமும் ஒன்று எடுக்கிறார். மருத்துவர் அதை முதல் இரண்டு வாரம் 25 மி.கி. ஆகவும், அடுத்த இரண்டு வாரம் 12.5 மி.கி. ஆகவும் குறைத்து, பிறகு நிறுத்தச் சொல்லலாம். ஒவ்வொரு படியிலும் நாடியும் பிரஷரும் சரியாக இருந்தால்தான் அடுத்த படி. ஏதாவது தொல்லை வந்தால் முந்தைய அளவுக்குத் திரும்பச் சொல்வார். இந்த உதாரணத்தைப் பார்த்து உங்கள் மாத்திரையை நீங்களே குறைக்க வேண்டாம். உங்கள் அட்டவணையை மருத்துவர் சீட்டில் எழுதித் தர வேண்டும்.

குறைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

மாத்திரையை உடைக்கும் முன் கேளுங்கள். மெதுவாகக் கரையும் மெட்டோப்ரோலால் மாத்திரையை, நடுவில் கோடு இருந்தால் பொதுவாக இரண்டாக உடைக்கலாம். ஆனால் பொடி செய்யவோ மெல்லவோ கூடாது. சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது. இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரையைப் பாதியாக்கினால் இரண்டுமே பாதியாகும். அப்படியானால் மருத்துவர் தனித்தனியாக மாற்றித் தர வேண்டியிருக்கும்.

'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்று நீங்களாகவே வைத்துக்கொள்ளாதீர்கள். அது குறைப்பது ஆகாது. ஒரு நாள் மாத்திரை இருக்கும், மறுநாள் இருக்காது. இதயம் தினமும் ஏறி இறங்கும்.

குறைக்கும் வாரங்களில் கடும் உழைப்பைத் தவிர்க்க வேண்டும். வீட்டில் கல்யாணம், வீடு மாற்றுவது, நெடும்பயணம் என்று இருந்தால், அது முடிந்த பிறகு தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தினமும் காலையில் எழுந்து ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் நாடியை எண்ணுங்கள். பிரஷர் மெஷின் இருந்தால் அளவையும் எடுத்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் இதைத் தொடருங்கள். இந்த நோட்டை மருத்துவரிடம் காட்டினால், வாய்வார்த்தையாகச் சொல்வதைவிட அவருக்குப் பெரிதும் உதவும்.

குடும்பத்தில் ஒருவருக்காவது விவரம் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை குறைக்கப்படுவதை மனைவியிடமோ மகனிடமோ மருமகளிடமோ சொல்லி வையுங்கள்.

எப்போது மருத்துவரை அழைப்பது, எப்போது 108?

படபடப்பு, தலைவலி, வியர்வை, கை நடுக்கம், இனம்தெரியாத பதற்றம், வழக்கத்தைவிட வேகமான நாடி ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

நெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம், இடது கை, தோள், தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 108. ஆட்டோ தேடவோ, விடியட்டும் என்று காத்திருக்கவோ வேண்டாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாகவோ, அசதியாகவோ, குமட்டலாகவோ மாரடைப்பு வரலாம். வருபவர்களிடம், "இந்த மாத்திரையை இந்தத் தேதியிலிருந்து நிறுத்தியிருக்கிறோம்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். மாத்திரை எடுக்கும்போதே நாடி 50க்குக் கீழே போய்த் தலைசுற்றினாலோ, மயங்கி விழுந்தாலோ, கடுமையான வீசிங் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே கண்காணிப்பில் வைத்து, தேவைப்பட்டால் மாத்திரையை உடனேயே நிறுத்துவார்கள். அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு.

நோன்பு, உம்ரா, அறுவை சிகிச்சை

ரமலானில் மாத்திரை விட்டுப்போவது அதிகம். தினம் ஒரு வேளை மாத்திரையை இஃப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றிக்கொள்வது பெரும்பாலும் எளிது. இரண்டு வேளை மாத்திரையை அந்த இரண்டு நேரத்துக்கும் அமைத்துக்கொள்ளலாம். மூன்று வேளை எடுப்பவர்களுக்கு, நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையாக மாற்ற முடியுமா என்று ஷஅபான் மாதத்திலேயே கேட்க வேண்டும். மதிய மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுவதுதான் ஆபத்து. நோன்பு நோற்க உடல்நிலை இடம் தராது என்று மருத்துவர் சொன்னால், நோயாளிகளுக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதுபற்றி உங்கள் இமாமிடம் பேசுங்கள்.

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ செல்பவர்கள் பயண நாட்களுக்கு மேல் இரண்டு வார மாத்திரை கூடுதலாக எடுத்துச் செல்ல வேண்டும். பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்து, மருத்துவர் சீட்டையும் உடன் வையுங்கள். தவாஃபும் ஸயீயும் நல்ல உழைப்பு. மாத்திரையைக் குறைக்கும் காலமாக அந்த நாட்களைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அறுவை சிகிச்சைக்கு முன் "எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று யாராவது சொன்னால், இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி மயக்க மருந்து மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். பொதுவாக இதை அறுவை நாளிலும் தொடரவே சொல்வார்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போடக் கூடாது. பல நாட்கள் விட்டுப்போயிருந்தால், பழைய அளவில் நீங்களாகத் தொடங்காமல் மருத்துவரைக் கேளுங்கள். சிலருக்கு மீண்டும் சிறிய அளவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எல்லா மாத்திரைக்கும் இதே விதி இல்லை

ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், டிகாக்ரெலார் போன்ற மாத்திரைகள் இரத்தம் உறையாமல் காப்பவை. இவற்றைப் பாதி பாதியாகக் குறைப்பது என்பதே கிடையாது. மருத்துவர் குறித்த நாள் வரை முழு அளவில் எடுக்க வேண்டும். இடையில் விட்டால் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். பல் பிடுங்குவதற்காகக்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

இரத்த அழுத்தத்துக்குத் தரும் குளோனிடின் மாத்திரையும் திடீரென்று நிறுத்தினால் பிரஷரை மிக வேகமாக ஏற்றிவிடும். குளோனிடினும் பீட்டா பிளாக்கரும் சேர்த்து எடுப்பவர்களுக்கு எதை முதலில் குறைப்பது என்ற வரிசையே முக்கியம். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கருஞ்சீரகம், பூண்டு, மூலிகைக் கஷாயம் போன்றவற்றைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பது தனிக் கேள்வி. அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள்.

சொல்லத் தயங்கும் காரணங்கள்

அசதி, கை கால் சில்லிட்டுப்போவது, கெட்ட கனவு, இல்லற வாழ்வில் சிரமம் ஆகியவை இந்த மாத்திரையால் சிலருக்கு வருவதுண்டு. கடைசியாகச் சொன்னதை மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட்டு, யாருக்கும் தெரியாமல் மாத்திரையை விடும் ஆண்கள் இருக்கிறார்கள். மருத்துவருக்கு இது புதிய செய்தி இல்லை. அளவைக் குறைக்கலாம், இதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றலாம். தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னால் போதும்.

அடுத்தது பணம். அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்றவை விலை குறைந்த மருந்துகள்தான். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்களுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் குறைந்த விலையில் வாங்கலாம். கடை மாறும்போது கம்பெனிப் பெயர் மாறலாம். கீழே உள்ள மருந்தின் பெயரும் மி.கி. அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று மருந்தாளுநரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இவை எதுவும் கைகொடுக்காவிட்டால், அட்டையில் பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். தீர்ந்து பத்து நாள் கழித்துச் சொல்லாதீர்கள். மருந்துச் சீட்டின் நகல் இருந்தால் போதும். உதவி கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்த நான்கு கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். இந்த மாத்திரை எனக்கு எதற்காக? இன்னும் எத்தனை காலம் தேவை? குறைக்க முடியும் என்றால் எந்த அளவில், எத்தனை வாரத்தில்? குறைக்கும்போது தொல்லை வந்தால் யாரை அழைப்பது? பதிலை அங்கேயே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதில் கிடைக்கும்வரை இன்றைய மாத்திரையை இன்று போடுங்கள்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.